தூத்துக்குடி – திப்ருகர்: தூரக் கணிப்பான் தளங்களை எவ்வளவு நம்பலாம்?

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால், அவற்றுக்கு இடையிலான வான்வழித் தூரத்தையும் பயண நேரத்தையும் நொடியில் சொல்லிவிடும் இணையத்தளங்கள் இன்று ஏராளமாக உள்ளன. சென்னை – தில்லி, மும்பை – கொல்கத்தா போன்ற பெருநகரங்களுக்கு அவை தரும் விடை ஏறக்குறைய சரியாகவே இருக்கும். அங்கே நாள் முழுவதும் நேரடி விமானங்கள் பறக்கின்றன, எல்லாம் ஒரே வகையான ஜெட் விமானங்கள், ஆகவே பொதுவான ஒரு வேகத்தை வைத்துக் கணக்கிட்டாலும் விடை அதிகம் விலகாது. இத்தகைய கருவியின் உண்மையான தரம், நேரடி விமானமே இல்லாத, நாட்டின் இரு கோடிகளில் உள்ள சிறிய நிலையங்களைக் கேட்கும்போதுதான் வெளிப்படும். அதனால் தென்கோடியில் தூத்துக்குடியையும் வடகிழக்குக் கோடியில் அசாமின் திப்ருகரையும் எடுத்துக்கொண்டு, இவ்வகைத் தளங்கள் பலவற்றைப் பயன்படுத்திப் பார்த்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

இந்த இரு ஊர்களையும் யார் சேர்த்துக் கேட்பார்கள் என்று சிலர் நினைக்கலாம். திப்ருகரின் மோகன்பாரி விமான நிலையம்தான் மேல் அசாமின் நுழைவாயில். ஆயில் இந்தியா நிறுவனத்தின் களத் தலைமையகம் உள்ள துலியாஜானுக்கும், 1901 முதல் எண்ணெய் சுத்திகரிப்பு நடந்துவரும் டிக்பாய்க்கும், அருணாசலத்தின் கிழக்கு மாவட்டங்களுக்கும் போகிறவர்கள் இங்கேதான் இறங்குகிறார்கள். நம் தென்மாவட்டங்களிலிருந்து ராணுவத்திலும் எண்ணெய் நிறுவனங்களிலும் வங்கிகளிலும் பணிபுரியச் சென்றவர்களின் குடும்பங்களுக்கு இந்தப் பயணக் கணக்கு மிகவும் தேவையானது. விடுமுறையை எத்தனை நாள் கேட்பது, முதியவர்களைத் தனியாக அனுப்பலாமா, எந்த ஊரில் இரவு தங்குவது என்பதெல்லாம் இந்தக் கணக்கைப் பொறுத்தே முடிவாகின்றன.

முதலில் தேடுபெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான தளங்கள் ஊர்ப்பெயரையும் மூன்றெழுத்துக் குறியீட்டையும் ஏற்றுக்கொள்கின்றன. தூத்துக்குடியின் குறியீடு டிசிஆர். ரயில் பயணிகளுக்கு அதே மூன்றெழுத்து திருச்சூர் நிலையத்தைக் குறிக்கும். திருச்சிக்கு டிஆர்இசட், திருவனந்தபுரத்துக்கு டிஆர்வி என்று இவையும் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், விடையைப் படிப்பதற்கு முன் வரைபடத்தில் புள்ளி எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வது அவசியம். சில தளங்கள் தூத்துக்குடி என்ற பெயரைப் புரிந்துகொள்வதில்லை; ஆங்கிலேயர் கால எழுத்துக்கூட்டலில் தட்டினால்தான் நிலையத்தைக் கண்டுபிடிக்கின்றன. 2025 ஜூலையில் புதிய முனையம் திறக்கப்பட்ட ஒரு விமான நிலையத்தை அதன் சொந்தப் பெயரால் தேட முடியாமல் இருப்பதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை.

தூரத்தைப் பொறுத்தவரை இத்தளங்களைத் தாராளமாகப் பாராட்டலாம். வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி நிலையத்துக்கும் மோகன்பாரிக்கும் இடையே ஏறத்தாழ 2,740 கிலோமீட்டர் என்று பெரும்பாலான தளங்கள் சொல்லும். மைல் கணக்கில் 1,700, கடல் மைல் கணக்கில் 1,480. ஒரு தளம் 2,745 என்றும் இன்னொரு தளம் 2,740 என்றும் காட்டினால், இரண்டில் ஒன்று தவறு என்று எண்ண வேண்டியதில்லை. பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள முழுக்கோளமாகக் கொண்டு கணக்கிட்டால் முதல் எண் வரும். பூமி உண்மையில் துருவங்களில் சற்றே தட்டையானது. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. இந்தத் தட்டைத்தன்மையைக் கணக்கில் சேர்க்கும் சூத்திரத்தைப் பயன்படுத்தினால் இரண்டாவது எண் கிடைக்கும். ஐந்து கிலோமீட்டர் என்பது விமானத்துக்கு அரை நிமிடப் பறத்தல்கூட இல்லை என்பதால் பயணிக்கு இது பொருட்டல்ல. ஆனால் தான் எந்த முறையில் கணக்கிடுகிறது என்பதை வெளிப்படையாக எழுதிவைக்கும் தளத்தை நான் கூடுதலாக மதிக்கிறேன்.

தூரத்தோடு வரையப்படும் கோடு, இத்தளங்கள் தரும் மிக அழகான பயன். வாகைக்குளத்தில் புறப்படும் அந்தக் கோடு ராமநாதபுரம் மாவட்டத்தைக் கடந்து, டெல்டாவின் கரையோரமாகச் சென்று, காரைக்கால் பக்கத்தில் வங்கக் கடலுக்குள் நுழைகிறது. பிறகு நெடுந்தூரம் கடல்தான். சுந்தரவனப் பகுதியில் வங்கதேசக் கரையைத் தொட்டு, அந்த நாட்டின் குறுக்கே மேகாலயத்துக்கு ஏறி, பிரம்மபுத்திரா சமவெளி வழியாக மோகன்பாரியை அடைகிறது. இதைத் தரைவழியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் வரை ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர் ஓடுகிறது. 2011இல் தொடங்கப்பட்ட இந்த ரயில்தான் நாட்டின் மிக நீண்ட ரயில் பயணம், எழுபது மணி நேரத்துக்கும் மேலாகிறது. வங்கக் கடலையும் வங்கதேசத்தையும் சுற்றிக்கொண்டு, சிலிகுரி அருகிலுள்ள குறுகிய நிலப்பகுதி வழியாகத்தான் ரயில் அசாமுக்குள் நுழைய முடியும். வான்வழிக்கும் ரயில்வழிக்கும் இடையிலான சுமார் 1,450 கிலோமீட்டர் வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை வரைபடத்தில் அந்த ஒரே கோடு விளக்கிவிடுகிறது.

பயண நேரம் என்ற பகுதிக்கு வரும்போதுதான் என் பாராட்டு நின்றுவிடுகிறது. இதே பக்கத்தில், தூரத்துக்கு நேர் கீழே, தூரத்துக்கு இணையான பெரிய எழுத்துகளில், மூன்று மணி நாற்பத்து மூன்று நிமிடம் என்பது போல ஓர் எண் அச்சாகியிருக்கும். அது எப்படி வந்தது என்பதை எளிதில் கண்டுபிடித்துவிடலாம்: மணிக்கு 800 முதல் 850 கிலோமீட்டர் என்று ஒரு சராசரி வேகத்தை வைத்துத் தூரத்தை வகுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்குமாக அரை மணி நேரத்தைக் கூட்டியிருக்கிறார்கள். நிமிடம் வரை துல்லியமாகத் தோன்றும் இந்த எண்ணுக்குப் பின்னால் எந்த விமானமும் இல்லை, எந்தக் கால அட்டவணையும் இல்லை. இந்த இரு நிலையங்களுக்கும் இடையே நேரடி விமானம் இல்லை என்ற ஒரே ஒரு வாக்கியத்தை அதே பக்கத்தில் எழுதிய தளங்கள் மிகச் சில. தெரியாத ஒருவர் இதைப் படித்தால், காலையில் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டு மதியத்துக்குள் அசாம் போய்விடலாம் என்றுதான் நினைப்பார்.

நேரடி விமானம் இருப்பதாகவே கற்பனை செய்துகொண்டாலும் அந்த எண் பொருந்தாது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். வாகைக்குளத்தின் ஓடுபாதை நெடுங்காலம் சுமார் 1,350 மீட்டர் நீளமே இருந்தது. அதை 3,115 மீட்டராக நீட்டுவது அண்மைய விரிவாக்கத் திட்டத்தின் முக்கியப் பகுதி. குட்டையான ஓடுபாதையில் ஏர்பஸ் ஏ320 அல்லது போயிங் 737 வகை ஜெட் விமானம் பயணிகளோடு இறங்கி ஏற முடியாது. அதனால் இந்த ஊருக்குப் பெரும்பாலும் ஏடிஆர் 72 போன்ற விசிறி (புரொபெல்லர்) விமானங்களே வந்துபோயின. எழுபது பேருக்கு மேல் அமரக்கூடிய இந்த விமானம் சிறிய ஊர்களுக்கு மிகப் பொருத்தமானது, எரிபொருளும் குறைவாகச் செலவாகும். ஆனால் அதன் உச்சப் பறக்கும் வேகமே மணிக்கு ஏறத்தாழ 510 கிலோமீட்டர்தான், முழுப் பயணிகளோடு அது போகக்கூடிய தூரமும் 1,500 கிலோமீட்டர் அளவே. ஆக, 2,740 கிலோமீட்டரை அதனால் ஒரே மூச்சில் கடக்க முடியாது. கடக்க முடிந்தாலும் ஐந்தரை மணி நேரம் ஆகும். எல்லா விமானமும் ஜெட், எல்லா நிலையமும் பெருநகர நிலையம் என்ற அனுமானம் இந்தக் கருவிகளின் அடித்தளத்திலேயே இருக்கிறது. அந்த அனுமானம் உடையும் இடங்கள் சிற்றூர் விமான நிலையங்கள். அங்குள்ள பயணிகளுக்குத்தான் சரியான தகவல் அதிகம் தேவை.

இனி உண்மையான பயணத்தைப் பார்ப்போம். இயல்பான வழி சென்னை, கொல்கத்தா ஆகிய இரு ஊர்களிலும் மாறிச் செல்வது. தூத்துக்குடி – சென்னை ஏறத்தாழ 530 கிலோமீட்டர், சென்னை – கொல்கத்தா 1,385, கொல்கத்தா – திப்ருகர் 850, மொத்தம் 2,765. நேர்கோட்டுத் தூரத்தைவிட இது 25 கிலோமீட்டர்தான் அதிகம். இதைக் கணக்கிட்டபோது எனக்கே வியப்பாக இருந்தது: சென்னையும் கொல்கத்தாவும் கிட்டத்தட்ட அந்த நேர்கோட்டின் மேலேயே அமைந்திருக்கின்றன, ஆகவே மாறிச் செல்வதால் தூரத்தில் இழப்பு ஒரு விழுக்காடுகூட இல்லை. பெங்களூரு, குவாஹாட்டி வழியாகச் சென்றால் சுமார் 2,915 கிலோமீட்டர் வரும். அதுவும் பெரிய சுற்று அல்ல. பெங்களூரு, தில்லி வழியாகப் போனால் மட்டும் 3,960 வரை நீண்டுவிடும். விமானப் பயணச்சீட்டு விற்கும் தளங்கள் பல நேரங்களில் விலை குறைவு என்பதற்காக இந்தத் தில்லி வழியை முதலில் காட்டுவதுண்டு. அந்த வழியில் ஏறுபவர் 1,200 கிலோமீட்டர் கூடுதலாகப் பறக்கிறார் என்பதைத் தூரக் கணிப்பானில் போட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

தூரம் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் இதே பாதையில், நேரம் எப்படி மூன்று மடங்காகிறது என்பதைத்தான் இந்தக் கருவிகள் சொல்லாமல் விடுகின்றன. தூத்துக்குடி – சென்னைக்கு விசிறி விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், சென்னை – கொல்கத்தாவுக்கு இரண்டேகால் முதல் இரண்டரை மணி, கொல்கத்தா – திப்ருகருக்கு ஒன்றரை மணி என்று அட்டவணைகளில் ஒதுக்குவார்கள். இது விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்குவது முதல் மறுமுனையில் வந்து நிற்பது வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் வரிசையில் காத்திருப்பதும் இதற்குள் அடக்கம். இவற்றின் கூட்டுத்தொகையே ஐந்தரை மணி நேரத்தை நெருங்குகிறது. இதனுடன் சென்னையிலும் கொல்கத்தாவிலும் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் நேரத்தைச் சேர்க்க வேண்டும். அது இணைப்பு நன்றாக அமைந்தால் ஒன்றரை மணி, அமையாவிட்டால் ஐந்து மணிகூட ஆகலாம். புறப்படும் இடத்துக்கு இரண்டு மணி முன்பே செல்வதையும், வீட்டிலிருந்து வாகைக்குளம் வரையிலும் மோகன்பாரியிலிருந்து சேரும் ஊர் வரையிலும் ஆகும் சாலைப் பயணத்தையும் கூட்டினால், வாசலுக்கு வாசல் பன்னிரண்டு மணி நேரம் என்பது நல்ல நாளின் கணக்கு. மொத்த நேரத்தில் பாதிக்கும் மேல் தரையில் கழிகிறது. தூரத்தை வேகத்தால் வகுக்கும் எந்தச் சூத்திரமும் அந்தப் பாதியைத் தொடவே தொடாது.

இணைப்பு நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டியுள்ளது. மூன்று விமானங்களும் ஒரே முன்பதிவில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் நேரே மோகன்பாரிக்குப் போய்விடும். தனித்தனியாகச் சீட்டு எடுத்தவர் சென்னையில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மீண்டும் வரிசையில் நின்று, பாதுகாப்புச் சோதனையைக் கடக்க வேண்டும்; சென்னையில் உள்நாட்டு முனையங்களே இரண்டு இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டியும் வரலாம். பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே பெட்டி வாங்குவதை நிறுத்திவிடும் என்பதால், தனிச் சீட்டில் பயணம் செய்பவர் குறைந்தது மூன்று மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதியவர்களோ கைக்குழந்தை வைத்திருப்பவர்களோ என்றால், இருநூறு முந்நூறு ரூபாய் மிச்சமாகிறது என்பதற்காகச் சீட்டைப் பிரித்து எடுக்கவே கூடாது.

இரு ஊர்களுக்கும் நேர வேறுபாடு பூச்சியம் என்று எல்லாத் தளங்களும் சொல்கின்றன. கடிகாரத்தின்படி அது உண்மை. ஆனால் தூத்துக்குடி கிட்டத்தட்ட 78 பாகை தீர்க்கரேகையில் இருக்கிறது, திப்ருகர் 95இல். 17 பாகை வேறுபாடு என்றால் சூரியக் கணக்கில் 68 நிமிடங்கள். அசாமின் தேயிலைத் தோட்டங்கள் இந்திய நேரத்தைவிட ஒரு மணி முன்னதாக வைத்த தோட்ட நேரத்தைப் பின்பற்றுவதற்கு இதுவே காரணம். டிசம்பர் கடைசியில் திப்ருகரில் மாலை நான்கரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஐந்து மணிக்குத் தரையிறங்கும் விமானம் நம் ஊர்க் கணக்கில் மாலை விமானம். அங்கே அது இருட்டிய பிறகு வரும் விமானம். மோகன்பாரியிலிருந்து போகிபீல் பாலம் வழியாகப் பிரம்மபுத்திராவைக் கடந்து அருணாசலம் செல்ல வேண்டியவர், அன்றிரவு திப்ருகரில் தங்கிவிட்டு மறுநாள் அதிகாலை புறப்படுவதே நல்லது. 2018இல் திறக்கப்பட்ட, ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றே குறைவான அந்தப் பாலத்தைப் பகலில் கடப்பது தனி அனுபவமும்கூட. அருணாசலத்துக்குள் நுழைய உள்கோட்டு அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதையும் பயணத்தைத் திட்டமிடும்போதே நினைவில் கொள்ள வேண்டும். சூரியன் மறையும் நேரத்தை ஒரு வரியில் சேர்ப்பது தளங்களுக்கு மிக எளிது. தீர்க்கரேகையும் அட்சரேகையும் ஏற்கெனவே அவற்றின் கையில் இருக்கின்றன.

காற்றையும் இவை கணக்கில் எடுப்பதில்லை. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக வலுவான காற்றோட்டம் வீசும். தில்லியிலிருந்து திப்ருகர் செல்லும் விமானத்தை அது தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது எதிர்த்து நிற்கும். இதனால் போகும் நேரமும் வரும் நேரமும் சமமாக இருப்பதில்லை. நிறுவனங்களின் அட்டவணையில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும், கணிப்பான்களிலோ இரு திசைக்கும் ஒரே எண்தான். சென்னை வழியில் இந்தப் பாதிப்பு குறைவு.

அப்படியானால் எந்தக் கருவியைப் பயன்படுத்தலாம்? தூரத்துக்கும் வழியை ஒப்பிடுவதற்கும் நான் பரிந்துரைப்பது கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற பழைய தளம். பார்ப்பதற்கு எளிமையாக, அலங்காரம் ஏதுமின்றி இருக்கும். குறியீடுகளை இடையே சிறுகோடு போட்டு வரிசையாகத் தட்டினால், பல நிறுத்தங்கள் உள்ள பாதையின் ஒவ்வொரு பகுதித் தூரத்தையும் மொத்தத்தையும் அட்டவணையாகத் தந்து, கோட்டையும் வரைந்துவிடும். இரண்டு மூன்று வழிகளை ஒரே படத்தில் போட்டு ஒப்பிடலாம். மேலே நான் சொன்ன வழிகளை நீங்களே அதில் போட்டுப் பாருங்கள். தில்லி வழி எவ்வளவு வளைந்து போகிறது என்பதைப் படத்தில் பார்த்தால், விலை குறைவு என்ற ஆசை பெரும்பாலும் அடங்கிவிடும். நேரத்தை மட்டும் எந்தத் தூரக் கணிப்பானிலும் பார்க்காமல், பயண நாளைக் கொடுத்து நிறுவனத்தின் அட்டவணையிலேயே பார்க்க வேண்டும். அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு: உலகெங்கும் விமான அட்டவணைகள் மார்ச் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் மாறுகின்றன. பொங்கல் பயணத்தை ஆகஸ்டிலேயே திட்டமிடுபவர், தாம் பார்க்கும் இணைப்பு குளிர்கால அட்டவணையிலும் உறுதி செய்யப்பட்டதுதானா என்று மீண்டும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

திரும்பும் பயணத்துக்கு இன்னும் கவனம் தேவை. மோகன்பாரியில் மூடுபனியாலோ மழையாலோ காலை விமானம் தாமதமானால், கொல்கத்தா இணைப்பு பிந்தும். அதனால் சென்னைக்கு மாலையில் வந்து சேரும்போது தூத்துக்குடிக்கான கடைசி விமானம் புறப்பட்டிருக்கும். சென்னை – கொல்கத்தா தடத்தில் ஒரு விமானம் போனால் இன்னொன்று கிடைக்கும். தூத்துக்குடிக்கு நாளொன்றுக்குச் சில விமானங்களே என்பதால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டியதாகிவிடும். அதனால் திரும்பும் நாளில், சென்னைக்கு நண்பகலுக்கு முன் வந்து சேரும் இணைப்பு கிடைக்காவிட்டால், கடைசிப் பகுதிக்கு விமானச் சீட்டையே எடுக்காமல் முத்துநகர் எக்ஸ்பிரஸில் படுக்கை முன்பதிவு செய்துவிடலாம். எழும்பூர் வரை போக வேண்டியதில்லை. விமான நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கும் திரிசூலம் நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால் சில நிமிடங்களில் தாம்பரம். முத்துநகர் எக்ஸ்பிரஸ் அங்கே நின்றுதான் போகும், விடிந்தால் தூத்துக்குடி.